இரண்டாவது மணி

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். பள்ளியில் ஒரு காபியைக்கூட சூடாகக் குடித்து முடித்ததில்லை. ஸ்டாஃப் ரூமில் டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போதுதான் மணி அடித்துத் தொலையும். அப்படியே வைத்துவிட்டு சாக்பீஸோடு ஓடுவேன். திரும்பி வந்தால் மேலே பாலாடை படர்ந்து கிடக்கும்.

ஓய்வு பெற்ற பின் வந்த ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நாளன்று, வேண்டுமென்றே மேற்கு மாம்பலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டலுக்குப் போனேன். நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு, காபியை ஆற்றி ஒரு வாய் குடித்தேன். எதிரே பிரேயர் மணி அடித்தது. அடுத்த நிமிஷம் கைப்பையோடு ஓட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா மேடம், காபி அப்டியே கீது, எங்க போறீங்க?" என்றார் சர்வர்.

"மணி அடிச்சிருச்சே."

அவர் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார். "அது பசங்களுக்கு மேடம். நீங்க வந்து உக்காருங்க."

என் கால்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. திரும்பிப் போய் உட்கார்ந்தேன். வெளியே ஒரு டீச்சர் புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி கேட்டுக்குள் ஓடினார். பாவமாகத்தான் இருந்தது. காபி இன்னும் சூடாக இருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

வகுப்பு தொடங்கும் இரண்டாவது மணி அடித்தது. நான் கையைத் தூக்கி சர்வரைக் கூப்பிட்டேன்.

"இன்னொரு காபி. அவசரமே இல்ல, நிதானமா கொண்டு வாங்க."