பூங்கா இருட்டில் ஒரு பெயர்

பேத்தி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பெயர்ப் பேச்சு. எனக்கும் சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறது. ஆனால் பெயர் என்றதுமே பக்கத்து வீட்டுக் கனிஷாய் நினைப்பும் வந்துவிடுகிறது.

எங்கள் பிஷ்கெக் நகரத்தில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். அந்தப் பெயர் மாதிரி ஒலிக்கிற சொல்லையும் சொல்லமாட்டாள். கனிஷாயின் மாமனார் பெயர் ஜோல்ச்சு. எங்கள் பாஷையில் ஜோல் என்றால் வழி. அதனால் கல்யாணமானதிலிருந்து 'வழி' என்ற சொல்லே அவள் வாயில் கிடையாது. 'கால் போற இடம்' என்பாள்.

அவள் புருஷன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே செத்துப்போனான். பிள்ளைகள் இல்லை. மாமனாரும் மருமகளும்தான். அவள் வேலை பார்க்கும் தையல் பட்டறை விடும்போது இருட்டிவிடும். குறுக்கே பூங்கா, பாதி விளக்கு எரியாது. கிழவர் தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அவள் பையை ஹேண்டிலில் மாட்டிக் கூட்டி வருவார். பட்டறைப் பெண்களும் கூடவே ஒட்டிக்கொண்டு அவளைச் சீண்டுவார்கள்.

"ஏண்டி, நாம இப்ப எதுல நடக்குறோம்? சொல்லு பாப்போம்!"

"உன் நாக்கு மேலதான். அதுதான் இவ்ளோ நீளமா கெடக்கு."

முன்னால் போகிற கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. ஒருநாள் சைக்கிளோடு கிளம்பியவர் பட்டறைக்கு வந்து சேரவில்லை. கனிஷாய் வீடு வரை ஓடிவந்து பார்த்துவிட்டு என் கதவைத் தட்டினாள். டார்ச்சோடு பூங்காவுக்கு ஓடினோம். மரங்களுக்கு நடுவே சைக்கிள் மட்டும் விழுந்து கிடந்தது.

"அப்பா! அப்பா!"

நடக்க வந்த கிழவர்களெல்லாம் "என்னம்மா?" என்று திரும்பினார்கள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடும்மா" என்றேன்.

"ஐயோ, நீங்க கூப்பிடுங்கண்ணே."

"ஜோல்ச்சு அண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பதில் சத்தமே இல்லை. குளிர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"ஜோல்ச்சு!"

கால்வாய்ப் பக்கமிருந்து பதில் வந்தது. "இந்தா வந்துட்டேம்மா! அடிக்காத!"

காய்ந்த கால்வாயில் சருகுக்குள் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அவள் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெயருக்குத்தான் அவர் திரும்புகிறார். 'அப்பா' என்றால் யாரைக் கூப்பிடுகிறாள் என்று பின்னால் பார்க்கிறார். நரின் ஊரிலிருந்து வந்த நாத்தனார் கத்தித் தீர்த்தாள்: "வெக்கமா இல்ல ஒனக்கு? ஆட்டுக்குட்டியக் கூப்பிடுற மாதிரி எங்கப்பன் பேரக் கூப்பிடுற!"

கனிஷாய் அவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் போனபிறகு என்னிடம் சொன்னாள்: "அவங்க கத்துனது பெருசில்லண்ணே. அன்னிக்கு அவரு கெடைச்சாரு. ஆனா எங்கப்பா கெடைக்கல."

இப்போது பட்டறை விட்டதும் அந்த இருட்டில் கிழவர் துணை இல்லாமல்தான் வருகிறாள். அதுவரை என் பெண்டாட்டிதான் அவரைப் பார்த்துக்கொள்கிறாள். பொழுது சாய்ந்துவிட்டால், அம்மா இன்னும் வரலையே என்று அவர் அழ ஆரம்பித்துவிடுகிறார்.