முனியாண்டி கேட்ட வீடு

எங்கள் வீட்டில் கதவைத் தட்டும் பழக்கம் யாருக்கும் கிடையாது. ஈப்போவில் அண்ணன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருந்தது உண்மைதான். அதே அறையில்தான் அரிசி மூட்டையும் வெங்காயக் கூடையும் இஸ்திரிப் பலகையும் அண்ணியின் பட்டுச்சேலை அலமாரியும் இருந்தன. நான் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணி வெங்காயம் எடுக்க வருவார். நான் அழுதுகொண்டிருக்கும்போது அண்ணன் மகள் இஸ்திரிப் பலகை எடுக்க வருவாள். "அழுறியா அத்தை? சரி, அழு," என்று சொல்லிவிட்டுப் பலகையோடு போய்விடுவாள். யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் என் தொல்லையே. கெட்டவர்களாக இருந்திருந்தால் எப்போதோ சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை, ஆகாததைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை, வருத்தமெல்லாம் ஊருக்குத்தான். பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு அறையும் அதை உள்ளிருந்து பூட்ட ஒரு தாழ்ப்பாளும். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை. தங்கச்சி தனியாகப் போனால் அண்ணன் துரத்திவிட்டார் என்றுதான் எங்கள் சனம் பேசும். அண்ணனோ என்னைப் பார்த்து, "உனக்கு என்ன கொறை வச்சோம்?" என்று கேட்பார். ஒரு குறையும் வைக்காத மனிதரிடம் அதற்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே திருட்டுத்தனமாக வீடு பார்த்தேன். கிளினிக்கில் மதியம் ஆள் வராத நேரத்தில் என் லேப்டாப்பைத் திறந்துவைத்து, ஒரே ஆளுக்கு அளவான வீடுகளாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதில் ஒரு வீடு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புமலை. வீட்டுக்காரி ஒரு சீனத்து ஆன்ட்டி. ஒருநாள் வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். "மாதத்தின் கடைசித் திங்கட்கிழமைக்குள் சொல்லு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு," என்றார்.

லேப்டாப் என்னுடையது என்று பெயர்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அது பொதுச்சொத்து. அண்ணி அதில் சீரியல் பார்ப்பார். அண்ணன் உறுமி மேளம் கேட்பார். அதனால் நான் பார்த்த பக்கங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்துவிடுவேன். மீதிக் காவலை விளம்பரத் தடுப்பான் பார்த்துக்கொண்டது. பல வருடமாக உலாவியில் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு விளம்பரத்தைக்கூட உள்ளே விடாமல் காத்துவந்த நீட்சி அது. எத்தனை வீடு பார்த்தாலும் அந்த ரகசியம் எங்கள் இருவருக்குள்ளேயே இருந்தது.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உலாவி தானாகவே புதுப்பித்துக்கொண்டது. அந்த நீட்சி இனி ஆதரிக்கப்படாதாம், என் பாதுகாப்புக்காக அதை அணைத்துவிட்டதாம். கூடவே இன்னொரு கட்டம் வந்தது. என் விருப்பங்களை இனி உலாவியே கவனித்து, எனக்கு ஏற்ற விளம்பரங்களைக் காட்ட உதவுமாம், அது என் தனியுரிமைக்கு நல்லதாம். கீழே 'புரிந்தது' என்று ஒரு பொத்தான். எனக்குப் புரியவில்லை. ஆனால் 'புரியவில்லை' என்று அங்கே பொத்தான் எதுவும் இல்லையே. புரிந்தது என்று அமுக்கினேன்.

எங்கள் பல் டாக்டர்தான் விளக்கினார். தடுப்பான் ஒரு ஜாகா, வாசல் காவல்காரன் மாதிரி. முன்பெல்லாம் அவன் வருகிற ஒவ்வொருவன் முகத்தையும் தானே பார்த்து விரட்டுவான். இப்போது யாரை விடக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி ஆபீசில் கொடுத்துவிட்டு அவன் ஓரமாக நிற்க வேண்டும், வாசலை ஆபீஸ், அதாவது உலாவி, பார்த்துக்கொள்ளும். "வர்றவனுங்களால ஆபீசுக்கு வருமானம் இருந்தா?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த பல்லைப் பிடுங்கப் போய்விட்டார். வேறு உலாவிக்கு மாறச் சொல்லியிருந்தார். கடவுச்சொற்களையெல்லாம் மறுபடி போட வேண்டுமே என்று தள்ளிப்போட்டேன்.

அன்று சாயங்காலமே அண்ணியின் சீரியலில், மாமியார் விஷம் கலக்கும் இடத்தில், என் வீடு வந்தது. அதே மாதிரி ஜன்னல், அதே மாதிரி மலை. எனக்கு உயிர் போய்விட்டது. அண்ணி விளம்பரத்தை முழுசாகப் பார்த்தார். பிறகு திரும்பி, நகம் வெட்டிக்கொண்டிருந்த அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரமும் ரசத்தில் உப்பு இல்லை, ஏதோ ஞாபக மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கோயில் கோப்பெங் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. தோட்டம் என்பது பெயரளவுக்குத்தான். பாதி செம்பனை, பாதி வீடமைப்புத் திட்டம். மாரியம்மனுக்குக் கட்டடம் உண்டு. முனியாண்டி மட்டும் அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், கால்வாய் ஓரமாக, குதிரையும் அருவாளுமாக மரத்தடியில் வெட்டவெளியில் நிற்கிறார். வருடா வருடம் திருவிழாவில் அவர் என் அண்ணன் மேல் இறங்குவார். மற்ற நாட்களில் அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறார்.

இந்த வருடம் உறுமி மேளக் குழு ஒரே நாளில் இரண்டு கோயிலுக்கு ஒப்புக்கொண்டு, பீடோர் பக்கம் போய்விட்டது. கோயில் தலைவர், ஓய்வுபெற்ற லோரி டிரைவர், என்னிடம் ஓடிவந்தார். "தங்கச்சி, ஒன் லேப்டாப்புல உறுமி இருக்கு இல்ல? ஸ்பீக்கர்ல மாட்டு லா." மாட்டினேன். சாமான் அறையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பாட்டு போட்டேன். விளம்பரம் வருமே என்று பயந்தேன். ஆனால் முதல் பாட்டு ஒழுங்காக ஓடியது. அண்ணனுக்கு உடம்பு முறுக்கியது, கண் சிவந்தது, வாயில் சுருட்டு ஏறியது. முனியாண்டி வந்துவிட்டார்.

தலைவர் கைகட்டி நின்று, ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "சாமி! ஒனக்கு என்ன கொறை? என்ன வேணும்? வாயத் தொறந்து சொல்லு!"

உறுமி நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண், தேன் மாதிரி குரலில், மலாயில் கேட்டாள்: "மாசிஹ் மெனும்பாங் ரூமா ஓராங்?" இன்னும் அடுத்தவர் வீட்டில்தான் ஒண்டிக்கொண்டிருக்கிறீர்களா?

அண்ணன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். சுருட்டுப் புகை மட்டும் மேலே போனது. குரல் விடவில்லை. உங்களுக்கென்று சொந்தமாக ஒரு வீடு, ஒரே ஆளுக்கு அளவாக, ஈப்போ நகரில். கார் நிறுத்த இடம் உண்டு. நீச்சல் குளம் உண்டு. நான் 'தவிர்' பொத்தானைத் தேடினேன். ஐந்து விநாடி பொறுக்கச் சொன்னது. ஊரே பயப்படும் முனியாண்டியும் ஒற்றைக் காலில் ஐந்து விநாடி பொறுத்தார். உறுமி திரும்ப வந்ததும் காலை இறக்கி ஆடத் தொடங்கினார்.

கூட்டம் வாய் பிளந்தது. யாரோ ஒரு இளைஞன், "தலைவரே, அது இக்லான் லா, வெறும் வெளம்பரம்," என்றான். தலைவர் அவனை முறைத்துவிட்டு மறுபடி கேட்டார். "சாமி, வீடா கேக்குற?" உறுமி நின்றது. அதே பெண், அதே கேள்வி. நான் வேறு பாட்டுக்கு மாற்றினேன். அந்தப் பாட்டின் தலையிலும் அவளே உட்கார்ந்திருந்தாள். அண்ணன், இல்லை, முனியாண்டி, அருவாளை ஓங்கி, "ஆமாடா! வீடு!" என்று உறுமினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

சாமி மலையேறியதும் கூட்டம் அங்கேயே கூடிவிட்டது.

"முனியாண்டி எப்போ மலாய் கத்துக்கிட்டாரு?"

"நூறு வருசமா இந்த நாட்டுல நிக்கிறாரு, பேசமாட்டாரா?"

"ஷாம்பு வெளம்பரம் வந்துச்சா? கடன் வெளம்பரம் வந்துச்சா?" என்றார் தலைவர். "என்ன வேணும்னு கேட்டா வீடுன்னு வருது. திருப்பிக் கேட்டாலும் வீடு. பல்லி சொன்னா நம்புறீங்க, ஸ்பீக்கர் சொன்னா நம்பமாட்டீங்களா?"

கார் நிறுத்தும் இடம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். அவருடைய குதிரைக்கு என்று உடனே பதில் வந்தது. நீச்சல் குளத்தில் கொஞ்சம் திணறினார்கள், பிறகு அது தெப்பக்குளம்தான் என்று முடிவானது. முனி கூரைக்குக் கீழே நிற்கமாட்டார், அது வழக்கம் என்று ஒரு பெரியவர் சொல்லிப் பார்த்தார். அன்னதானம் சமைக்கும் அக்கா கரண்டியோடு எழுந்து வந்துவிட்டார். "வழக்கம் வழக்கம்னு சொல்லியே அவர வெயில்ல நிக்க வச்சிட்டோம். நாமளா கேட்டோமா, ஒனக்கு வசதியா இருக்கான்னு?" அழுதேவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் அழுதார்கள். சாமான் அறையில் நானும் அழுதேன். ஒரு கல்சாமிக்காக இத்தனை பேர் இரங்குகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது.

அண்ணனுக்கு ஆடியது எதுவும் நினைவில் நிற்காது. விஷயத்தைக் கேட்டதும் திருநீற்றைத் துடைத்துக்கொண்டு நெகிழ்ந்துபோனார். "பாவம் லா. அம்மனோட சண்டைன்னு இல்ல. அவருக்குன்னு ஒரு கதவு வேணும், அவ்வளவுதான்." அண்ணியின் முகம் கல்லாகிப்போனதை நான் பார்த்தேன்.

திரும்பும்போது அண்ணன் கார் ஓட்டினார், அண்ணி பக்கத்தில், நான் பின்னால், மடியில் லேப்டாப். கோப்பெங்கைத் தாண்டினோம். திடீரென்று அண்ணி உடைந்தார்.

"நெசத்த சொல்லுங்க. யாருக்கு அந்த வீடு?"

"முனியாண்டிக்கு."

"முனியாண்டிக்கா? ரெண்டு வாரமா சீரியல் போட்டா அந்த வீடு வருது, சமையல் பாத்தா அந்த வீடு வருது. தேடாமயா வரும்? எவளுக்குப் பாக்குறீங்க? சாமி பேரச் சொல்லி ஊரு முன்னாடியே கேக்குறீங்க!"

அண்ணன் காரைச் சாலையோரத்தில் நிறுத்தினார். பம்பளிமாஸ் விற்கும் கடைக்கு முன்னால். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவர் பிடரியைப் பார்த்தாலே தெரிந்தது. அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுதார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை போய்விடும், அண்ணன் மானமும் போய்விடும். இரண்டில் என் வீட்டை விட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அண்ணனை விட முடியாது.

"அண்ணி, அது நான். நான்தான் வீடு தேடுனேன். எனக்கு."

அண்ணி அழுகையைப் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "அப்போ இவருக்கு இல்லையா?" அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலவில்லை.

"அதுக்குத்தான் ரெண்டு வாரமா ரசத்துல உப்பு போடலியா?" என்றார் அண்ணன். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எத்தனையோ வருடமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தே விட்டது. "உனக்கு என்னம்மா கொறை வச்சோம்?"

"முனியாண்டிக்கு என்ன கொறை வச்சீங்கண்ணே?"

பம்பளிமாஸ்காரர் ஜன்னலைத் தட்டினார். இனிப்பாக இருக்கும் பாஸ், தின்று பாருங்கள் என்று ஒரு சுளையை நீட்டினார். அண்ணன் வாங்கி வாயில் போட்டு மென்றார். மென்று முடிக்க வெகுநேரம் ஆனது.

"எப்போ சொல்லணும்?"

"திங்கக்கெழமை."

"நாளைக்கு நான் வந்து பாக்குறேன். தண்ணி வருதா, கதவு ஒழுங்கா பூட்டுதான்னு பாக்கணும்." இரண்டு பழம் வாங்கிக்கொண்டு காரைக் கிளப்பினார். ஈப்போ வரும்வரை அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினார், சுருட்டுப் புகை என்று சொன்னார்.

முனியாண்டி கேட்டதல்ல, என் லேப்டாப் கேட்டது என்று தலைவரிடமும் சொல்லிப் பார்த்தேன். "ஒன் லேப்டாப்புக்குள்ள யாரு போய்க் கேக்க வச்சா?" என்றார். முனியாண்டிக்குக் கட்டப்போகும் மண்டபத்துக்குக் கூரை ஓடா, துத்தநாகத் தகடா என்று கமிட்டி இன்னும் சண்டை போடுகிறது. முனியாண்டி இன்னும் வெயிலில்தான் நிற்கிறார். எனக்கு முதலில் கிடைத்துவிட்டதில் அவருக்குக் கோபம் இருக்காது என்று நம்புகிறேன்.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து லேப்டாப்பில் பாட்டு போட்டேன். உலாவியை இன்னும் மாற்றவில்லை. அந்தப் பெண் வந்து, இன்னும் அடுத்தவர் வீட்டில்தான் ஒண்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று அதே தேன் குரலில் கேட்டாள். என் ஆசையை என் அண்ணனுக்கும் முன்னால் தெரிந்துகொண்டவளுக்கு, நான் வீடு மாறியது தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இனி இவளுக்குத் தெரியாமல் ஒன்றாவது இருக்கட்டும் என்று லேப்டாப்பை மூடினேன்.

அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வெளியே அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ள வரலாமா?" என்றார். பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் கேட்டிராத கேள்வி. யாராவது போய்த் திறப்பார்கள் என்று பழக்கத்தில் உட்கார்ந்தே இருந்தேன். அவர் இரண்டாம் முறை தட்டிய பிறகுதான், திறக்க வேண்டிய ஆள் நான்தான் என்று எழுந்தேன்.