தடித்த நீலக் கோடு

ஆபீஸில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நகரத் திட்டப் பிரிவில் வரைவாளராக இருபத்தாறு வருஷம். காலையில் வந்ததும் மேஜையைத் துடைப்பார், துடைத்த துணியையும் நாலு மூலை சேர்த்து மடித்து வைப்பார். சாப்பாட்டு டப்பாகூட மேஜை விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும். பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அம்மா வேண்டுமென்றே அதை விரலால் கோணலாகத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்ப்பார். மனுஷன் பேச்சை நிறுத்தாமலே நேராக்கிவிடுவார். அப்படிப்பட்ட ஆள் ஆயுசில் ஒரே ஒரு கோட்டைத்தான் தடிமனாகப் போட்டார். அந்த ஒரு கோடு போதாதா!

முதல் வெள்ளம் வந்தபோது அவர் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆறு ஊருக்குள் வந்து மூணு நாள் தங்கிவிட்டுப் போனது. வடிந்த பிறகு சர்வேக்காரர்கள் தெருத் தெருவாகப் போய், தண்ணீர் கடைசியாக எட்டின இடங்களைக் குறித்தார்கள். மொத்தம் எழுபத்திரண்டு புள்ளி. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி இவர் கையில் கொடுத்தார்கள். இவர் அந்தப் புள்ளிகளை ஊர் மேப்பில் வைத்து, ஊசி மாதிரி சீவின பென்சிலால் ஒன்றோடொன்று சேர்த்தார். கோட்டுக்கு ஆற்றுப் பக்கம் இருக்கிற மனையெல்லாம் வெள்ளப் பகுதி. அங்கே வீடு கட்டினால் வீட்டின் தரை, வெளி மண்ணைவிட நாலடி உயரத்தில் இருக்கணும். இல்லாவிட்டால் பர்மிஷன் கிடையாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் உங்கள் இஷ்டம். விதி அவ்வளவுதான், சின்னக் குழந்தைக்கும் புரியும்.

மேப்பைப் பார்த்த அதிகாரி மூக்கைச் சுளித்தார். "என்னய்யா இது, தலைமுடி விழுந்த மாதிரி இருக்கு? நாளைக்கு மீட்டிங்ல கடைசி வரிசையில உக்காந்திருக்கறவனுக்கும் தெரியணும். நல்லா தடிமனா போடு."

"சார், தடிமனா போட்டா..."

"போடுய்யான்னா!"

போட்டார். நீல மெழுகுப் பென்சிலை எடுத்து, தன் மெல்லிய கோட்டின் மேலேயே அழுத்தி இழுத்தார். கடைசி வரிசைக்கு மட்டுமில்லை, வராண்டாவில் போகிறவனுக்கும் தெரிந்தது. மீட்டிங்கில் கைதட்டினார்கள். அந்த மேப்பே கையெழுத்தாகி, முத்திரை குத்தி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் ஏறிவிட்டது.

அந்த மேப்பில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் எட்டு மீட்டர். மெழுகுக் கோடு ரெண்டரை மில்லிமீட்டர் இருந்தது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இருபது மீட்டர்! ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, இருபது மீட்டர் அகலத்துக்கு மனைகள் அந்த நீலத்துக்கு அடியில் மறைந்து கிடந்தன. உள்ளேயா, வெளியேயா? விதி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதலில் வந்த ரெண்டு மூணு பேர் சண்டைக்கு நின்றார்கள். பிறகு ஆபீஸில் ஒரு வழக்கம் தானாகவே வந்துவிட்டது. மனை கோட்டுக்கு அடியில் இருந்தால் வெளியே என்று வைத்துக்கொள்ள வேண்டியது, பைலைத் தள்ளிவிட வேண்டியது. யாருக்கும் தலைவலி இல்லை. சரியாகத் தெரிய வேண்டுமென்றால் புள்ளி நோட்டைப் பிரித்தால் போதும். அது ஸ்கேலின் மேஜை டிராயரிலேயேதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

எடுத்தது ஒரே ஒரு தடவை. அது ஒரு தையல்காரம்மாவுக்காக.

பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். கழுத்தில் அளவு டேப் தொங்கியபடியே ஆபீசுக்கு வந்து நின்றாள். புருஷன் லாரி ஓட்டினவர். ஒரு விபத்தில் முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, சக்கர நாற்காலிதான் கதி. இருந்த வாடகை வீட்டில் வாசலுக்கு மூணு படி. மூணு வருஷமாக மனுஷன் தெருவைப் பார்க்கவில்லை. இருந்த நகையெல்லாம் போட்டு முப்பதடிக்கு ஐம்பதடியில் ஒரு மனை வாங்கியிருந்தாள்.

"சார், ஒண்ணே ஒண்ணுதான் சார். வீடு தரையோட தரையா இருக்கணும். அவர் தானா உருட்டிக்கிட்டு வாசலுக்கு வரணும். நாலடி ஏத்திக் கட்டணும்னு யாரோ சொல்றாங்க. அப்படிக் கட்டினா எனக்கு வீடு, அவருக்கு ஜெயில். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

சுவர் மேப்பில் அவள் மனை நீலத்துக்கு அடியில் முழுசாக முங்கியிருந்தது. வழக்கப்படி வெளியே. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் சக்கர நாற்காலி என்று கேட்டதும் அவருக்கு மனசு கேட்கவில்லை, டிராயரைத் திறந்து நோட்டைப் புரட்டினார். முப்பத்தொண்ணாம் புள்ளி, மாவு மில் பின்சுவர். மில் அவள் மனையை ஒட்டி, ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அதாவது, தண்ணீர் இவள் மனையைத் தாண்டி மில் வரை போயிருக்கிறது. மெல்லிய கோட்டின்படி இந்த மனை உள்ளே. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் உள்ளே.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

நோட்டை மூடினார். "கோட்டுக்கு வெளியதாம்மா இருக்கு. தாராளமா கட்டுங்க."

அவள் அழுதுவிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்ணே. உங்க பிள்ளை குட்டியெல்லாம் நல்லா இருக்கணும்." அந்த நிமிஷம் வரை சார், அதற்குப் பிறகு அண்ணன். ஸ்கேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த மேஜைக்கு வந்து வாழ்த்திவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? திட்டிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அட மனுஷா! இரக்கப்பட்டதைத் தப்பென்று யார் சொன்னார்கள்? ஆனால் உன் கையில் பென்சில் இருந்ததே. நாலடி உயரத்துக்கு நாற்பத்தெட்டடி நீளத்தில் ஒரு சரிவுப் பாதை போதும். இருபத்துநாலடி போய், திரும்பி, இன்னொரு இருபத்துநாலடி. முப்பதடி முகப்பில் அழகாக உட்காரும். நாற்காலி தானாக ஏறும், தானாக இறங்கும். செலவு ஆகும்தான், அவள் இன்னும் ரெண்டு மாசம் கூடுதலாகத் தைத்திருப்பாள். உனக்கோ அது ஒரு மத்தியான வேலை. அன்றைக்கு அது அவருக்குத் தோன்றவே இல்லை. பிற்பாடு எல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அதை வரைந்து பார்த்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

நாலு வருஷம் அந்த வீட்டில் இருந்தார்கள். தரை, மண்ணிலிருந்து ஒரே ஒரு அடி உயரம், வாசலில் பலகை அகலத்துக்கு ஒரு சிமெண்ட் சரிவு. டிரைவர் தினம் சாயங்காலம் தெருவோரம் வந்து உட்கார்ந்துகொண்டு போகிற வண்டிகளுக்கெல்லாம் புத்தி சொல்வார். "கியரை மாத்துடா, இன்ஜினைக் கொல்லாதே!" ஸ்கேல் அந்தப் பக்கம் போனால் சைக்கிளை நிறுத்தாமல் விடமாட்டார். "எங்க வீட்டுக்காரி சாமி படத்துக்குப் பக்கத்துல உங்க படத்தை மாட்டலாமான்னு கேக்கறா. நான்தான், உயிரோட இருக்கற மனுஷனை எதுக்குடி சுவத்துல மாட்டறேன்னு தடுத்து வச்சிருக்கேன்" என்று சிரிப்பார்.

ரெண்டாவது வெள்ளம் பட்டப்பகலில் வந்தது. முதல் வெள்ளத்தைவிடப் பெரிசு. அவள் காலையில் தைத்த துணியைக் கடையில் கொடுக்கப் போயிருந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், அதனால் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவாள், எப்போதும் அப்படித்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் வருவதற்குள் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், போலீஸ் கயிறு கட்டிவிட்டது. பூட்டைப் பார்த்த அக்கம்பக்கத்தார், ரெண்டு பேரும் வெளியே போயிருக்கிறார்கள் என்று நினைத்து மாடி ஏறிவிட்டார்கள். தெருவில் மூணரை அடி நின்ற தண்ணீர் அந்த வீட்டுக்குள் ரெண்டரை அடி இருந்தது. நிற்கத் தெரிந்தவனுக்கு அது முட்டிக்கு மேலே, அவ்வளவுதான். அவர் நாற்காலியில் ஏறி வாசல் வரைக்கும் வந்திருக்கிறார். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது கதவுக்குப் பக்கத்தில்.

துக்கம் கேட்கப் போன ஸ்கேலின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது ஒன்றுதான். "நான் பூட்டிட்டுப் போனேன்ணே. நான்தான் கொன்னுட்டேன்." பக்கத்திலிருந்த பெண்களிடம் திரும்பி, "இந்த அண்ணனாலதான் அவர் நாலு வருஷம் தெருவைப் பார்த்தாரு" என்றாள். அவருக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னார். அவள், "நீங்களா ஆத்தைத் தொறந்து விட்டீங்க? மேல இருக்கறவங்க வச்ச வழக்கம். சும்மா மனசைப் போட்டு உருட்டாதீங்க" என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் நோட்டைப் பார்த்து மூடினது மேலே இருக்கிறவர்கள் இல்லையே.

எட்டு மாசம் கழித்துப் புது மேப் வந்தது. இந்தத் தடவை ஸ்கேல் யார் சொல்லையும் கேட்கவில்லை. முடி மாதிரிதான் இருக்கும், வேண்டுமென்றால் பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். டைப்பிஸ்ட் அம்மா அன்றைக்கு டப்பாவைத் தொடவில்லை.

அந்த வாரமே தையல்காரம்மா வந்தாள். சுவர் ஊறி விழுந்த வீட்டைத் திரும்பக் கட்டணும். கழுத்தில் டேப் இருந்தது, ஆள்தான் பாதியாகியிருந்தாள். பிளானை மேஜையில் விரித்தாள். தரை மண்ணிலிருந்து ஒரே அடி, பழைய மாதிரியே.

"நாலடி வேணும்மா" என்றார் ஸ்கேல். "உங்க மனை கோட்டுக்கு உள்ள இருக்கு."

"கோடு இப்ப மாறிடுச்சாண்ணே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவள் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள், அண்ணன் அண்ணனாகவே இருந்திருப்பார். அதோடு, பூட்டினது நான்தான் என்று சாகிறவரை அவளும் தன்னையே அடித்துக்கொண்டிருப்பாள்.

டிராயரைத் திறந்தார். புள்ளி நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்து, முப்பத்தொண்ணில் விரலை வைத்தார். 

"உங்க மனைக்கு ஒண்ணும் மாறலைம்மா. அப்பவும் உள்ளதான் இருந்தது. நீங்க வந்து நின்ன அன்னைக்கே பார்த்தேன். தெரிஞ்சேதான் வெளியன்னு சொன்னேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள். "நாலடி இருந்திருந்தா, தண்ணி?"

"தெருவுல மூணரை. வீட்டுத் தரைக்கு அரை அடி கீழயே நின்னிருக்கும்."

"அப்போ நான் பூட்டினது..."

"பூட்டினதால இல்லம்மா. பூட்டியிருந்தாலும் உள்ள தரை காஞ்சுதான் இருந்திருக்கும். அவர் தூங்கி எழுந்து உங்களைக் காணோமேன்னு பார்த்துட்டு இருந்திருப்பார். அது உங்க தப்பு இல்ல. என் தப்பு."

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பத்தொண்ணாம் வரியைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. கடைசியில், அவருக்கே ஒரு வழி விடுகிற மாதிரி, "ஆனா நாலடி ஏத்திக் கட்டியிருந்தா அவர் எப்படி ஏறியிருப்பாருண்ணே? ஜெயில்தானே?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வரைந்த தாள் நோட்டுக்குள்ளேயே இருந்தது. எடுத்து விரித்தார். சரிவு, திரும்பும் இடம், மறுபடி சரிவு. ஓரத்தில் கைப்பிடிக் கம்பிகூட அளவோடு போட்டிருந்தது.

"இப்படி ஏறியிருப்பார்மா. இடம் இருந்தது. நான்தான் வரைஞ்சு தரலை."

அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். தாளின் மேல் வைத்து, அந்தச் சரிவின் நீளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தாள். எதற்கு அளந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தன் பழைய பிளானை மட்டும் மடித்து எடுத்தாள்.

"நாலடி வச்சே கட்டறேன். படியே போதும்" என்றாள். "எங்க கையெழுத்து போடணும் சார்?"

அவர் விண்ணப்பத்தில் இடத்தைக் காட்டினார்.