மல்லிகை இருந்த பொட்டலம்

தினசரி காலண்டர் தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. ஆண்டு அச்சிட்ட மூலை கிழிந்துபோயிற்று. நான் அப்போது நான்காம் வகுப்பு. பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து: "வெள்ளை – இங்கே. சிவப்பு – அங்கே."

அங்கே என்றால் குஜராத். ஒரகடத்தில் அப்பா வேலை பார்த்த கார் கம்பெனி கைமாறிக்கொண்டிருந்தது; வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பெயிண்ட் ஷாப்பில் இருந்தார். பழைய முதலாளியின் குஜராத் ஆலைக்குப் போகிறவர்களுக்கு வேலை நிச்சயம். இங்கேயே இருந்தால் புது முதலாளி எடுத்தாலும் எடுப்பார், விட்டாலும் விடுவார். போவதானால் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கோ குஜராத் என்பது என் தோழிகள் யாரும் இல்லாத இடம், அவ்வளவுதான்.

எங்கள் மாடியில் கொரியாக்காரர் ஒருவர் குடியிருந்தார். வேறொரு கம்பெனியில் இன்ஜினியர். அப்பா அவரிடம் யோசனை கேட்டார். அவர் காகிதத்தில் கோடு கிழித்து, கற்றுக்கொண்ட தமிழில், "இங்கே வேலை கிடைக்க எத்தனை பர்சென்ட், சார்?" என்றார்.

"அது தெரிஞ்சா உன்கிட்ட இன்னாத்துக்குப்பா வரேன்?" என்றார் அப்பா.

"பூ கட்டிப் பாத்துடலாம்" என்றாள் அம்மா. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்துக் குழந்தை கையால் ஒன்றை எடுப்பது. கொரியாக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தான் காலேஜில் சேரப் பரீட்சை எழுதிய அன்று, தன் அம்மா பள்ளிக்கூட கேட்டில் பிசுபிசு மிட்டாயை ஒட்டிவைத்ததாகவும், அவர்கள் பாஷையில் ஒட்டிக்கொள்வது என்றால் பாஸாவது என்றும் மெதுவாகச் சொன்னார்.

"அதுக்கு எத்தினி பர்சென்ட்டு?" என்றார் அப்பா. பிறகுதான் இருவரும் சிரித்தார்கள்.

குன்றத்தூர் மலைக் கோயிலில் அந்த வெள்ளியன்று நல்ல காற்று. கீழே கண்டெய்னர் லாரிகள் சத்தமின்றி ஊர்ந்தன. மேலே ஒரு விமானம் நகராமல் தொங்கிக்கொண்டிருந்தது. குருக்கள் பொட்டலங்களைக் குலுக்கித் தட்டில் வைத்தார்.

"கண்ண மூடிக்கினு எடு பாப்பா" என்றாள் அம்மா.

மூடினேன். உலகம் முழுக்கக் கற்பூரப் புகையாக இருந்தது. அதற்குள்ளிருந்து, இடப்பக்கமாக, மல்லிகை வந்தது. மற்றதில் இருந்த சிவப்பு அரளிக்கு அந்த வாசம் ஏது? கை தானாகப் போயிற்று.

"சாமி இருன்னுட்டாரு" என்றார் அப்பா. எழுதிக் கொடுக்கவில்லை. எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அதன் பிறகே புது முதலாளி கூப்பிட்டார். அந்த எட்டு மாதமும், சாமியை ஏமாற்றியவள் நான் என்று சாப்பாடு இறங்காமல் கிடந்தேன்.

எங்கள் வாசலில் நந்தியாவட்டைச் செடி இருந்தது. சாமிக்கு வெள்ளைப் பூ என்றால் அம்மா அதைத்தான் பறிப்பாள். அதற்கு வாசமே கிடையாது. அன்று மட்டும் கடைக்குப் போய் மல்லி வாங்கியிருக்கிறாள். என்னைவிடச் சின்னவனாகத் தம்பி இருந்தும், எதையும் முகர்ந்து பார்த்தே வாயில் வைக்கும் என்னைத்தான் எடுக்கச் சொன்னாள். இது எனக்கு விளங்கப் பல வருடம் ஆயிற்று. கேட்டால், "போடி, வேல இல்ல உனக்கு" என்கிறாள்.

அப்பா ஏமாந்தார் என்றுதான் நானும் அவளும் வைத்திருக்கிறோம். பெயிண்ட் ஷாப்பில் மூக்கு செத்துப்போச்சு, மல்லி வாசம்கூடத் தெரியாது என்று அவரே சொல்லுவார். ஆனால் ஓர் ஆடி வெள்ளி, மலையிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர், "பால் தீயற வாசன வருது, உள்ள பாரு" என்று குரல் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அது அதே வெள்ளியா, வேறொரு வருடத்து வெள்ளியா என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.