பச்சைக் கதவு

கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறியபோது எதிரே உட்கார்ந்திருந்தவர், கம்ப்ரசர் பழுது பார்க்க ஊர் ஊராகப் போகிறவர். இஸ்திரி கலையாத சட்டை, மடியில் பை. எனக்கும் ஊர் சுற்றும் வேலை என்றதும் யோசனை சொன்னார்.

"லாட்ஜ்ல ரூமைப் பூட்டினதும் கதவை நம்பரோட போட்டோ எடுத்துக்கங்க சார். ஊர் மாறிக்கினே இருந்தா எந்த ரூம்னு மறந்துபூடும்."

செல்போனில் காட்டினார். வரிசையாக எண் போட்ட கதவுகள். கடைசியில் எண் இல்லாத ஒரு பச்சைக் கதவு. வாசலில் சின்னச் செருப்பு.

"இது எந்த லாட்ஜ்?"

"ஆரம்பாக்கத்துல எங்க ஊடு சார். இன்னிக்குக் கெளம்பசொல்ல கை தானா எடுத்துடுச்சு. எம் பொண்ணு பாத்துட்டு, 'இன்னா நைனா, நம்ம ஊடும் மறந்துபூடுமா'ன்னுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"ரயிலுக்கு டைமாச்சுன்னேன்."

உள்ளூரிலேயே வேலை தரும்படி கம்பெனியில் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். மீஞ்சூர் தாண்டியதும் மேலாளர் போனில் அழைத்தார். இவர் "சரி சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கிடைச்சுதா?"

"புனேவாம். அது முடிஞ்சா நாக்பூராம்."

செல்போனில் அந்தக் கடைசிப் போட்டோவைத் திரும்பத் திறந்தார். நான் இறங்கும்வரை, திரை மங்கும்போதெல்லாம் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். பச்சைக் கதவு மறுபடி வெளிச்சமானது.