நெற்றியில் ஏழு கோடு

வெளிநாட்டிலிருக்கும் மகள் எங்களை வரச்சொல்லியிருந்தாள். கடவுச்சீட்டுப் படம் எடுக்க நானும் மனைவியும் புளியந்தீவிலுள்ள ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனோம். மனைவியின் முகம் கொம்பியூட்டர் திரையில் பெரிதாகத் தெரிந்தது. கூரையில் ஓடு, பஸ்ஸில் சீற்று என்று எதைக் கண்டாலும் எண்ணுகிற பழக்கம் எனக்கு. அன்றும் வாய் சும்மா இருக்கவில்லை.

“நெத்தியில மட்டும் ஏழு கோடு. வயல் வட்டைக்குள்ள வரம்பு கட்டினமாதிரிக் கிடக்கு, புள்ள.”

படம் பிடித்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். வீடு திரும்பும்போது பஸ்ஸில் வாவியையே பார்த்துக்கொண்டு வந்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

சில வாரங்களில் அவள் முகம் வெளுத்தது. கோடுகள்கூட மங்கியதுபோல இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் பெயர் ஒட்டாத வெள்ளைக் குப்பி ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக் கொடுத்த கிறீமாம். முடிவுத் திகதி பார்க்காமல் ஒரு குளிசைகூட வாயில் போடாதவன் நான். அந்தக் குப்பியைத் திருப்பியும் பார்க்கவில்லை. “இப்பதான் வடிவா இருக்கிறாய்” என்றேன். ஸ்ரூடியோவில் விட்ட பகிடியைவிட இந்தச் சொல்தான் என்னை அதிகம் குத்துகிறது. அதைக் கேட்ட பிறகுதான் அவள் இரண்டு வேளையும் பூசத் தொடங்கினாள்.

வைகாசி பிறக்கும்போது முகம் சிவந்து தடித்துவிட்டது. வெயில் பட்டாலும் எரிந்தது, அடுப்படிக்குப் போனாலும் எரிந்தது.

தோல் டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். குப்பியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“இதுக்குள்ள ஸ்டீரொயிட் கலந்திருக்கும்போல, அம்மா. முதல்ல வெளுக்கும், மறுகா தோலை மெல்லிசாக்கிப்போடும். ஆரு பூசச் சொன்னது?”

“ஒருத்தருமில்ல. நானாத்தான் பூசினன்.”

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தான் சொல்கிறபடி கிறீமைக் குறைத்து நிறுத்தச் சொன்னார் டாக்டர். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம், வெறும் தண்ணீரில் கழுவி, தான் எழுதித்தரும் களிம்பை மட்டும் பூசினால் போதும், வெயிலில் குடையில்லாமல் இறங்கக் கூடாது என்றார். கோடுகளைப் பற்றி நானே கேட்டேன். வயது போகப்போகத் தோலின் இறுக்கம் குறையுமாம். அதோடு வெயில் சேர்ந்தால் கோடு ஆழமாக விழுமாம். எந்தக் கிறீமும் அதை அழிக்காதாம்.

வீடு வரும்வரை கணக்குப் பார்த்தேன். எத்தனை போகம் எங்கள் முற்றத்தில் அவள் நெல் அவித்துக் காயப்போட்டாள்? நான் உள்ளே இருந்து பேப்பர் வாசித்தேன். அந்த ஏழில் எத்தனை என் சோற்றுக்காக விழுந்தவை? என்னால் பிரித்து எண்ண முடியவில்லை.

அந்த வாரம்தான் கோயிலில் குளிர்த்தி. கண்ணகி அம்மனின் கோபம் தணியப் பாட்டுப் பாடி, நீர் அள்ளி ஊற்றி, அந்த நீரைச் சனத்தின்மேல் தெளிக்கும் நாள். ஒரு வருடமும் அவள் தவறவிட்டதில்லை. குரவை போடும்போது அவள் குரல் தனியாகக் கேட்கும்.

“இந்த மூஞ்சியோட நான் வரமாட்டன். சனம் கேக்கும்.”

“நான் குடை பிடிக்கிறன்.”

“உங்களுக்கென்ன விசரா? ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். வா, புள்ள.”

ஊர் சிரித்தது. நான் குடியிருப்பது அவளுடைய சீதன வீட்டில். எழுபத்து மூன்று வயதிலும் அந்த ஊருக்கு நான் மருமகன்தான். “என்ன மருமகன், மாமிமாருக்குக் குடை இல்லையா?” என்றபடி ஒரு முதியவள் கிட்ட வந்தாள். மனைவியின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“என்னகா மூஞ்சிக்கு?”

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

“வெயில், பெரியம்மா. வேறென்ன.”

டாக்டருக்கு முன்னால் ஒரு தடவை, இங்கே ஒரு தடவை. குடைப்பிடி என் கையில் வழுக்கியது.

பாட்டு முடிந்து நீர் தெளித்தபோது குடையைக் கொஞ்சம் சரித்தேன். அவள் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தினாள். நெற்றியில் துளிகள் நின்றன. நான் அவற்றை எண்ணவில்லை.

“எரியுதா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றாள், கண் திறக்காமலே. “குடையை நேராப் பிடியுங்க. இந்தக் கன்னத்தில வெயில் விழுகுது.”