ஒரே டிஸ்க்கில் அடக்கிய அப்பா

டிவியில் வாழைமரம் தெளிவாக இருந்தது. பந்தலில் தொங்கிய ஜிகினா கூடத் தெளிவாக இருந்தது. அப்பாவின் வாய் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து போயிருந்தது.

என் கல்யாணத்தில் அப்பா மைக் பிடித்து நாலு நிமிடம் பேசினார். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். அந்த நேரம் பார்த்துப் பந்தியில் நின்றிருந்தாள். போன வருஷம் அப்பா இறந்த பிறகு, அன்றைக்கு அவர் என்ன பேசினார் என்று கேட்க ஆரம்பித்தாள். எனக்கு நினைவில்லை. மாலையும் கழுத்துமாக நிற்கிறவன் யார் பேச்சைக் கேட்டான்?

வீடியோவை நான் கேட்டுச் சொல்கிறேன் என்றால், அவர் வாயிலேயே பார்க்கணும் என்றாள். செல்போனில் போட்டால் உதடு கடுகளவுதான் தெரியும். டிவிக்குக் கீழே இருக்கும் பழைய டிவிடி பிளேயர் அவளுக்குப் பழக்கம். நிறுத்தி, திருப்பி ஓட்டிப் பார்ப்பாள். அதனால் கல்யாணத்தைப் படம் பிடித்த வேலந்தாவளம் ஸ்டுடியோவில் டிவிடி கேட்டேன்.

அஞ்சு மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் அடக்கிவிட்டதாகப் பெருமையாகக் கொடுத்தார் கடைக்காரர். எங்கே அடக்கினார்? கழுத்தை நெரித்திருந்தார். இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் அசையாததை விட்டுவிட்டு, அசைவதில்தான் கை வைக்கும். பேசுகிற மனிதனுக்கு வாய்தானே அசையும்!

ஆத்திரத்தோடு கடைக்குப் போனேன். அவர் டிஸ்க்கை ஓட்டிக் காட்டினார்.

"ஏனுங்க, சத்தம் கணீர்னு கேக்குதுங்களே."

"எங்கம்மாவுக்குக் காது கேக்காதுங்க."

உடனே அவர் அந்த டிஸ்க்கிலிருந்தே அப்பா பேச்சை வெட்டி எடுக்கப் போனார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே கெட்டுப்போனதிலிருந்து எடுத்தால் கெட்டதுதானே வரும்? கேமராவில் எடுத்த மூலப் பதிவு, நல்லவேளை, அழியாமல் இருந்தது. அதிலிருந்து அந்த நாலு நிமிடத்தை மட்டும், டிவிடி தாங்குகிற உச்சத் தரத்தில் போடவைத்து, முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மூன்று தடவை திருப்பி ஓட்டினாள். அழுவாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"பொண்ணு பாத்து முடிச்சது இவராமா. சுத்தப் பொய்யி. பாத்துட்டு வந்தது நானு. இவரு அன்னிக்குச் சந்தையில மாடு பாத்துட்டிருந்தாரு."

சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பினாள். ரிமோட்டை நீட்டி நீட்டி, அப்பாவிடமே நியாயம் கேட்க ஆரம்பித்தாள்.